மாமியாரும் மான்களும்: திருகோணமலை உளவியல் வகுப்பொன்றில் தொலைக்காட்சிக் காட்சிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் தமிழ்மொழி மூலம் நடைபெறும் வார இறுதி உளவியல் டிப்ளோமா வகுப்பொன்றில், தொலைக்காட்சி நாடகங்களையும் வினாவிடை நிகழ்ச்சிகளையும் கற்பித்தற் சாதனமாகப் பயன்படுத்தியபோது என்ன நடந்தது என்பதை இந்த ஆய்வு விரித்துரைக்கிறது. அடுத்தடுத்து வந்த இரண்டு மாணவர் அணிகளுக்கு ஒரே பாடத்தை இரு வேறு முறைகளில் கற்பித்ததில் கிடைத்த அவதானங்களே இதன் மூலப்பொருள். இது கட்டுப்படுத்தப்பட்ட பரிசோதனையன்று. விடைத்தாள்கள், வகுப்புக் கலந்துரையாடல்கள், விரிவுரைக் குறிப்பேடு ஆகியவற்றை வைத்து எழுதப்பட்ட வகுப்பறைப் பதிவு. காட்சித்துண்டு ஒன்றைப் பார்ப்பதால் மாணவர் ஓர் எண்ணக்கருவை அந்த இடத்தில் அடையாளங்காண முடிகிறது. ஆனால் அதைக் காட்சியிலிருந்து பிரித்தெடுத்து, முற்றிலும் வேறான ஓர் இடத்தில் பயன்படுத்துவதற்குத் தனியான இன்னொரு வேலை தேவைப்படுகிறது என்பதும், அந்த வேலையைத் தொலைக்காட்சி தானாகச் செய்து தராது என்பதுமே இங்கு நான் காட்ட முற்படுவது.

வகுப்பும் அதன் சூழலும்

இவ்வகுப்புக்கு வருபவர்கள் ஒரே வயதினர் அல்லர். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு வந்த இளைஞர்களும், பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர்களும், தாதிய உத்தியோகத்தர்களும், சமூகசேவைத் துறையினரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பார்கள். உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் எனப் பல இடங்களிலிருந்தும் காலையிலேயே பேருந்து பிடித்து வருகிறார்கள். தமிழில் கிடைக்கும் உளவியல் குறிப்புகளில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. அவற்றில் வரும் உதாரணங்களோ பேஸ்போல் மைதானத்திலும் அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளிலும் நடப்பவை. எண்ணக்கருவே புதிதாக இருக்கும்போது உதாரணமும் அந்நியமாக இருந்தால், மாணவர் இரண்டையும் சேர்த்து மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

தொலைக்காட்சியை நாடியதற்கு இதுவே காரணம். இலங்கையில் 1979இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பு, 1982இல் ரூபவாஹினியும் 1998இல் சக்தி தொலைக்காட்சியும் வந்த பின்னர் தமிழ் வீடுகளின் மாலைப்பொழுதைத் தன்வசமாக்கிக்கொண்டது. டிஷ் அன்டெனா வழியே வந்த சென்னை அலைவரிசைகள் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டன. ‘நாடகம்’ என்று சொன்னாலே இங்கு தொலைக்காட்சித் தொடரைத்தான் குறிக்கும். தொடர்களைப் பார்ப்பதில்லை என்று சொல்லும் மாணவர்கூட, வீட்டில் மற்றவர்கள் பார்ப்பதால் கதை முழுவதையும் அறிந்திருப்பார். வயதும் ஊரும் வேறுபட்ட ஒரு வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான மனித நடத்தை மாதிரிகள் இத்தனை தாராளமாகக் கிடைக்கும் வேறோர் ஊற்று எனக்குத் தெரியவில்லை.

தொலைக்காட்சித் தொடருக்கும் உளவியலுக்கும் உள்ள உறவு புதியதுமன்று. அல்பேர்ட் பண்டுரா 1961இல் வெளியிட்ட போபோ பொம்மைப் பரிசோதனையில், வளர்ந்தவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட சிறுவர்கள் அதே செயல்களைத் தாமும் செய்தனர். 1963இல் அவர் அதே நடத்தையைத் திரைப்படமாக எடுத்துக் காட்டியபோதும் சிறுவர்கள் அதைப் பின்பற்றினர். இந்த அவதானிப்புக் கற்றற் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டே மெக்சிக்கோவில் மிகேல் சாபிதோ 1970களில் முதியோர் எழுத்தறிவை ஊக்குவிக்கும் தொடரைத் தயாரித்தார். இந்தியாவின் தூரதர்ஷனில் 1984இல் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடரும் அந்த மரபில் வந்ததே. ஆக, நாடகம் கற்பிக்குமா என்ற வினாவுக்கு உளவியல் எப்போதோ ஆம் என்று சொல்லிவிட்டது. உளவியலையே நாடகம் கற்பிக்குமா என்பது வேறு வினா.

முதல் அணி: சாவிக்கொத்துக் காட்சி

நடத்தை அதன் விளைவுகளால் கூடுவதையோ குறைவதையோ விளக்கும் தொழிற்படு நிபந்தனைப்பாட்டில் மாணவர் அதிகம் தடுமாறும் இடம், ‘எதிர்மறை மீளவலியுறுத்தல்’ என்பதற்கும் ‘தண்டனை’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு. பி. எப். ஸ்கின்னரின் வகைப்பாட்டில், ஒரு நடத்தையை அடுத்து விரும்பத்தகாத ஒன்று நீங்கி, அதனால் அந்த நடத்தை மேலும் வலுப்பெற்றால் அது எதிர்மறை மீளவலியுறுத்தல்; நடத்தையின் விளைவால் அந்த நடத்தை குறைந்தால் அது தண்டனை. இங்கு ‘எதிர்மறை’ என்பது கெட்டது என்ற பொருளில் வரவில்லை. ஒன்று அகற்றப்படுவதை மாத்திரமே குறிக்கிறது; ‘நேர்முறை’ என்பது ஒன்று கிடைப்பதைக் குறிக்கிறது.

இதைக் கற்பிக்க, குடும்பத் தொடர் ஒன்றிலிருந்து சுமார் மூன்று நிமிடக் காட்சி ஒன்று தெரிவுசெய்யப்பட்டது. மாமியார் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அலுமாரிச் சாவியைக் கேட்கிறார். மருமகள் பதில் பேசாமல் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கிறாள். மாமியார் அவளது பிறந்தகத்தை இழுத்துப் பேசத் தொடங்குகிறார், குரல் ஏறுகிறது, அயல்வீட்டுக்காரியின் பெயரும் வருகிறது. மருமகள் கத்தியை வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைக்கிறாள். ஏச்சு அந்தக் கணமே நிற்கிறது. மாமியார் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார். மருமகளின் முகம் மும்முறை அண்மைக்காட்சியில் வந்து முடிகிறது.

உளவியல் நோக்கில் இது வளமான காட்சி. சாவியைக் கொடுத்ததும் ஏச்சு நீங்கியது. ஆகவே அடுத்த முறை ஏச்சு தொடங்கும்போது மருமகள் விரைவாகக் கொடுத்துவிடுவதற்கான வாய்ப்புக் கூடுகிறது. மருமகளின் பணிவு எதிர்மறையாக மீளவலியுறுத்தப்படுகிறது. அதேவேளை, ஏசியதும் சாவி கிடைத்தது. மாமியாரின் ஏச்சு நேர்முறையாக மீளவலியுறுத்தப்படுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பயிற்றுவிக்கிறார்கள். இருவருக்கும் அது தெரியாது. வகுப்பு இதை உடனே பிடித்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர், “அப்ப, சேர், பிழை இரண்டு பேரிலையும் இல்லை, அந்தச் சுத்துலதான் இருக்கு” என்றார். அன்று அதைவிடச் சிறந்த விளக்கத்தை நானும் கொடுக்கவில்லை.

பருவ இறுதிப் பரீட்சையில் இதே எண்ணக்கருவைச் சோதிக்கும் வினா வேறு உருவில் வந்தது. கடையில் பிள்ளை இனிப்புக் கேட்டு அழுகிறது, தகப்பன் வாங்கிக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. தகப்பனின் நடத்தையை விளக்குக என்பதே வினா. கட்டமைப்பில் இது சாவிக்கொத்துக் காட்சியேதான். எனினும் விடைகளில் கணிசமானவை, தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்தது ‘நேர்முறை மீளவலியுறுத்தல்’ என்று பிள்ளையின் பக்கத்தை மட்டும் விளக்கிவிட்டு நின்றுவிட்டன. வரைவிலக்கணம் கேட்கப்பட்ட சிறுவினாவுக்கு ஒருவர் எழுதியிருந்த வசனம் முழு நிலைமையையும் காட்டியது: “எதிர்மறை மீளவலியுறுத்தல் என்பது மாமியார் மருமகளைத் தொடர்ந்து ஏசுவதாகும்.” இதே சாயலில் வேறு விடைகளும் இருந்தன. காட்சி நினைவில் பசுமையாக இருந்தது. எண்ணக்கரு அதற்குள்ளேயே குடியிருந்தது. மேலும், காட்சியில் மிக உரத்துக் கேட்டது ஏச்சு என்பதால், எண்ணக்கருவின் பெயர் அதன் மீதே போய் ஒட்டிக்கொண்டது. உண்மையில் பெயருக்கு உரியது, எவரும் கவனிக்காமல் மேசையில் வைக்கப்பட்ட சாவிக்கொத்து.

ஒரே உதாரணத்தின் எல்லை

இந்நிலைமைக்கு உளவியலிலேயே விளக்கம் உண்டு. மேரி கிக், கீத் ஹோலியோக் ஆகிய இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், கார்ல் டங்கரின் பழைய புதிர் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்தனர். வயிற்றிலுள்ள கட்டியைக் கதிர்வீச்சால் அழிக்க வேண்டும்; போதிய வலுவுள்ள கதிர் வழியிலுள்ள நல்ல இழையங்களையும் அழித்துவிடும்; வலுக்குறைந்த கதிர் கட்டியை ஒன்றும் செய்யாது. பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களைக் கட்டியில் குவியச் செய்வதே விடை. உதவியின்றி இதைக் கண்டவர்கள் சுமார் பத்தில் ஒருவரே. முன்கூட்டியே ஒரு கதை – படைத்தலைவன் ஒருவன் சேனையைச் சிறு பிரிவுகளாக்கிப் பல பாதைகளால் அனுப்பிக் கோட்டையைப் பிடித்த கதை – கொடுக்கப்பட்டபோதும், அந்தக் கதையைப் பயன்படுத்தலாம் என்று சொல்லப்படாதவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவரே விடையைக் கண்டனர். கதையைப் பயன்படுத்துங்கள் என்ற ஒரு குறிப்பு கிடைத்ததும் நான்கில் மூவர் அளவுக்கு விடை கண்டனர். அறிவு மனத்தில் இருந்தது. அதை எடுக்க வேண்டிய இடம் இதுவே என்ற உணர்வு வரவில்லை.

1983இல் அவர்கள் தொடர்ந்து செய்த ஆய்வே ஆசிரியர்களுக்கு மிக முக்கியமானது. ஒரே கட்டமைப்புள்ள, ஆனால் மேற்தோற்றத்தில் வேறுபட்ட இரண்டு கதைகளைக் கொடுத்து, அவை எவ்வகையில் ஒத்திருக்கின்றன என்று ஒப்பிடச் சொன்னபோது, புதிய புதிருக்கு அந்த அறிவைப் பயன்படுத்துவது குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. ஒரு கதையைக் கொடுத்து அதன் சாரத்தைத் தெளிவாக எழுதிக் காட்டியதுகூட அந்த அளவுக்கு உதவவில்லை. தொலைக்காட்சியை வைத்துக் கற்பிப்பவர்களில் பலர் ஒரு எண்ணக்கருவுக்கு மிகச் சிறந்த ஒரு காட்சியைத் தேடுவதில் நாட்களைச் செலவிடுகிறோம். இந்த ஆய்வின்படி, மிகச் சிறந்த ஒன்றைவிடச் சுமாரான இரண்டு பயனுள்ளவை. அவை ஒன்றோடொன்று ஒட்டாதவையாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் அணி: கோட்டை வாசல் மான்கள்

இரண்டாம் அணிக்கு அதே சாவிக்கொத்துக் காட்சி காட்டப்பட்டது. ஆனால் அதை அடுத்து, திருகோணமலையில் எவரும் அறிந்த ஒரு நிலைமை எழுத்தில் கொடுக்கப்பட்டது. பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேஸ்வரம் செல்லும் பாதையில் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் நிற்கும். பழப்பையுடன் வரும் ஒருவரை மான் அணுகி, பையை முகர்ந்து, விடாமல் முட்டுகிறது. அவர் சங்கடப்பட்டு ஒரு வாழைப்பழத்தை எடுத்து எறிகிறார். மான் அதை நோக்கிப் போய்விடுகிறது. அவர் நடையைத் தொடர்கிறார்.

மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, காட்சியையும் இந்த நிலைமையையும் அருகருகே வைத்து, யார் என்ன செய்தார், அதை அடுத்து எது வந்தது அல்லது எது நீங்கியது, அதனால் எந்த நடத்தை இனி அதிகரிக்கும் என்று எழுத வேண்டும். ‘மாமியார்’, ‘மருமகள்’, ‘மான்’, ‘பயணி’ என்ற சொற்கள் எதையும் பயன்படுத்தாமல் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே வசனத்தை எழுதுவது இறுதிப் பணி. இந்தக் கடைசிப் பணிக்கே அதிக நேரம் பிடித்தது. சத்தமும் அங்கேதான் எழுந்தது. மான் ஏசவில்லையே என்று ஒருவர் வாதிட்டார். ஏச்சு முக்கியமில்லை, ‘தொந்தரவு’ முக்கியம் என்று அவரது இணை பதில் சொன்னார். மாமியார் வேண்டுமென்றே செய்கிறார், மானுக்கு அப்படி ஒரு திட்டம் இருக்காது என்று இன்னொருவர் சொன்னபோது, வெளியே தெரியும் நடத்தையை முதன்மையாகக் கொள்ளும் நடத்தைவாதத்தில் நோக்கம் என்பதற்கு இடம் உண்டா என்ற பெரிய வினாவுக்கு வகுப்புத் தானாகவே வந்து சேர்ந்தது. பாடத்திட்டத்தில் அது பல வாரங்கள் கழித்து வரவேண்டிய விடயம்.

பரீட்சையில் அழும் பிள்ளை வினா சிறு மாற்றங்களுடன் மீண்டும் வந்தது. இம்முறை தகப்பனின் பக்கத்தையும் பிள்ளையின் பக்கத்தையும் பிரித்து விளக்கிய விடைகள் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. வரைவிலக்கணத்தில் மாமியார் வரவில்லை. இரு அணிகளும் வேறு வேறு மனிதர்கள் என்பதையும், இரண்டாம் முறை கற்பிக்கும்போது கற்பிப்பவரும் மேம்பட்டிருப்பார் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். எனினும் விடைகளின் தரத்தில் மட்டுமன்றி வகையிலும் ஏற்பட்ட மாற்றம், ஒப்பிட்டுப் பார்க்கும் பணியோடு பொருந்தி வருகிறது என்பதே எனது மதிப்பீடு.

கேள்வி கேட்பவர் ஏன் அறிவாளியாகத் தெரிகிறார்

நாடகக் காட்சிகள் எழுதப்பட்டவை; பாத்திரங்கள் வசனகர்த்தாவின் விருப்பப்படி நடக்கின்றன. வினாவிடை நிகழ்ச்சிகளில் அப்படியன்று. பிரித்தானியாவில் 1998இல் தொடங்கிய கோடீஸ்வரர் நிகழ்ச்சியின் தமிழ் வடிவத்தை 2012இல் நடிகர் சூர்யா விஜய் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கினார். அதிலிருந்து சிறு பகுதியைக் காட்டி, போட்டியாளரையும் தொகுப்பாளரையும் பொதுஅறிவில் மதிப்பிடச் சொன்னால், தொகுப்பாளருக்கே மாணவர்கள் அதிக புள்ளி கொடுத்தனர். விடை அவருக்கு முன்னாலுள்ள கணினித் திரையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மதிப்பீடு அப்படித்தான் வந்தது.

லீ ரோஸ் ‘அடிப்படைக் காரணங்கற்பிப்புப் பிழை’ என்று 1977இல் பெயரிட்டது இதையே: ஒருவரது நடத்தைக்குச் சூழ்நிலையின் பங்கைக் குறைத்தும் அவரது குணவியல்பின் பங்கைக் கூட்டியும் காரணங்கூறும் போக்கு. அதே ஆண்டு ரோஸ், தெரேசா அமபிலி, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் ஆகியோர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த பரிசோதனை வினாவிடைப் போட்டியொன்றாகவே அமைந்தது. வினவுபவர் யார், விடையளிப்பவர் யார் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. வினவுபவர் தமக்குத் தெரிந்த துறையிலிருந்து கடினமான பத்து வினாக்களைத் தாமே தயாரித்தார். குலுக்கல் நடந்ததைத் தம் கண்ணாலேயே கண்டிருந்தும், விடையளித்தவர்கள் வினவியவர்களைத் தம்மைவிட மிகுந்த பொதுஅறிவுடையவர்களாக மதிப்பிட்டனர். பார்வையாளரும் அவ்வாறே மதிப்பிட்டனர்.

இங்கு இரண்டாவது உதாரணத்தைத் தேடி வெளியே போகவேண்டியிருக்கவில்லை. பரிசோதனையையே வகுப்பில் செய்து பார்த்தோம். சீட்டெடுத்ததில் மூதூரிலிருந்து வரும், மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த இளம் மாணவர் ஒருவர் வினவுபவரானார். நீண்டகாலச் சேவையுள்ள ஆசிரியை ஒருவர் விடையளிப்பவரானார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்த வலையைப் போடுவது, நீரின் நிறத்தை வைத்து எதைக் கண்டுகொள்வது, வள்ளத்தின் எந்தப் பகுதிக்கு என்ன பெயர் என்று அவர் கேட்கக் கேட்க, ஆசிரியை பெரும்பாலானவற்றுக்கு “தெரியாது தம்பி” என்று சொல்லவேண்டியதாயிற்று. வழமையாக வகுப்பில் வாய் திறக்காத அந்த மாணவரை, முடிவில் பலர் தாம் எண்ணியதைவிட மிகுந்த அறிவுடையவராக மதிப்பிட்டிருந்தனர். பின்னர் பாத்திரங்கள் மாற்றப்பட்டு, ஆசிரியை இலக்கண வினாக்களைக் கேட்டார்; மதிப்பீடும் தலைகீழானது. ஆசிரியைதான் இதன் பொருளை முதலில் எடுத்துச் சொன்னார்: தான் இத்தனை ஆண்டுகளும் வகுப்பில் வினவுபவராகவே நின்றிருப்பதாகவும், பிள்ளைகளின் அறிவை மதிப்பிட்டபோதெல்லாம் அந்த இடத்தின் அனுகூலத்தைக் கழித்துப் பார்த்ததில்லை என்றும் கூறினார். தொலைக்காட்சித் துண்டு மட்டும் இருந்திருந்தால் இது வந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தொலைக்காட்சித் துண்டு முதலில் வந்திருக்காவிட்டால், குலுக்கல் விளையாட்டு வெறும் விளையாட்டாகவே முடிந்திருக்கும் என்பதும் உண்மை.

சத்தத்தை நிறுத்திப் பார்த்தல்

உளவியல் மாணவர் பெறவேண்டிய முதல் திறன், கண்டதையும் ஊகித்ததையும் பிரித்தறிவது. குடும்பத் தொடர்கள் இதற்கு ஏற்றவை. ஏனெனில் அவை பார்வையாளருக்காகத் தாமே ஊகித்துவிடுகின்றன. தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்ணால் கண்டதையும் வலப்பக்கம் அதிலிருந்து ஊகித்ததையும் எழுதச் சொன்னபோது, முதற்தடவை பெரும்பாலானோரின் இடப்பக்கத்தில் “நாத்தனார் பொறாமைப்படுகிறாள்” என்பது போன்ற வசனங்களே இருந்தன. அவள் உண்மையில் செய்தது தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தது மாத்திரமே.

அடுத்து, முன்னர் காட்டப்படாத ஒரு காட்சி ஒலியை முற்றாக நிறுத்திவிட்டுக் காட்டப்பட்டது. ஒரு பெண் கடிதமொன்றைப் படித்து, மடித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கிறாள். சதி செய்கிறாள் என்றனர் சிலர். துக்கச் செய்தியை வயதானவர்களிடமிருந்து மறைக்கிறாள் என்றனர் வேறு சிலர். கடன் கடிதம் என்றார் ஒருவர். பின்னர் ஒலியுடன் அதே காட்சி ஓடியது. பின்னணி இசையின் முதல் அதிர்விலேயே வகுப்பு முழுவதும் “சதிதான்” என்று ஒருமித்தது. அவள் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. தீர்ப்பைக் கொடுத்தது இசையே. நடைமுறை வாழ்க்கையில் இசை கிடையாது. ஆனால் ஒருவரைப் பற்றி முன்னரே கேட்ட கதை அந்த இசையின் வேலையைச் செய்கிறது என்பதை, சமூகசேவைத் துறையிலிருந்து வந்த மாணவி ஒருவர் தாம் வீடுகளுக்குச் சென்று எழுதும் அறிக்கைகளோடு பொருத்திப் பேசினார். அடுத்த வாரம் தமது பழைய அறிக்கை வடிவத்தை எடுத்துவந்து, அதில் ‘அவதானித்தது’, ‘கருதுவது’ என இரண்டு நிரல்களைத் தாமே சேர்த்துக் காட்டினார். இந்தப் பாடத்தில் நான் மிக மகிழ்ந்த விளைவு அதுவே.

பிழையைக் காட்டும் காட்சி

உளநோயைச் சித்திரிக்கும் காட்சிகளே மிகக் கவனமாகக் கையாளப்பட வேண்டியவை. மனச்சிதைவு நோய் என்றால் ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது என்ற எண்ணத்தைப் பல தொடர்கள் ஆழமாக விதைத்திருக்கின்றன. மனச்சிதைவின் குறிகள் மாயப் புலனுணர்வுகள், பொய்யான உறுதி நம்பிக்கைகள், சிந்தனை ஒழுங்கின்மை முதலியன. பல ஆளுமைகளாகப் பிரிந்த நிலை அதனின்று வேறான ஒரு கோளாறு. வீதியில் ‘விசர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும் சூழலில், இந்தக் குழப்பத்தைக் களையாமல் ஒருவரை டிப்ளோமாவுடன் வெளியே அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

அண்ட்ரூ பட்லரும் அவரது சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கு வழிகாட்டியது. வரலாற்றுப் பாடம் ஒன்றை வாசிக்கச் செய்து, அதே விடயம் பற்றிய திரைப்படத் துண்டுகளையும் மாணவர்களுக்குக் காட்டினார்கள். பாடமும் படமும் ஒத்துப்போன இடங்களில் நினைவு கணிசமாக மேம்பட்டது. படம் பிழையாகக் காட்டிய இடங்களிலோ, சரியான தகவலை வாசித்திருந்தும் பலர் படத்தின் பிழையையே விடையாக எழுதினார்கள். ‘படங்களில் பிழைகள் இருக்கலாம்’ என்ற பொதுவான எச்சரிக்கை பெரிதாக உதவவில்லை. இந்தக் காட்சியில் இந்த விடயம் பிழையாக வருகிறது என்று குறிப்பாகச் சொன்னபோது மட்டுமே பிழை வெகுவாகக் குறைந்தது.

ஆகவே இரண்டாம் அணியில், காட்சி ஓடுவதற்கு முன்னரே பிழை பெயர் சொல்லிக் காட்டப்பட்டது: “கதாநாயகனின் தம்பி குரல் மாறிப் பேசும் இடம் வரும், வைத்தியர் அதற்கு ஒரு நோயின் பெயரைச் சொல்வார், அந்தப் பெயர் பிழை, ஏன் பிழை என்று பார்த்து எழுதுங்கள்.” பிழை இப்போது மாணவர் தேடிப் பிடிக்கவேண்டிய பொருளாயிற்று. அதேநேரம் பாத்திரங்களுக்கு நோய்ப்பெயர் சூட்டும் பயிற்சி முற்றாகக் கைவிடப்பட்டது. நேரிற் பரிசோதிக்காத பொதுவாழ்வு மனிதர்களைப் பற்றித் தொழில்முறைக் கருத்துக் கூறலாகாது என்ற விதியை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1973இலேயே ஏற்றுக்கொண்டது. பாத்திரங்கள் கற்பனை மனிதர்கள்தாம். ஆனால் அவர்கள் மேல் பழகும் கை, பின்னர் அயலவர் மேலும் உறவினர் மேலும் போகும்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இது கடலோர மாவட்டம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியையும் அதற்கு முந்திய, பிந்திய யுத்த ஆண்டுகளையும் நேரில் அனுபவித்தவர்கள் இவ்வகுப்பில் இருக்கிறார்கள். நீரில் மூழ்குதல், காணாமற்போதல், பிணத்தை அடையாளங்காட்டல் போன்றவை தொடர்களில் சாதாரணமாக வந்துபோகும். வகுப்பில் அவை சாதாரணமாக வர இடமளிக்கவில்லை. துயரம் பற்றிய பாடத்துக்குக் காட்சித்துண்டு எதுவும் பயன்படுத்தப்படவில்லை. வேறு பாடங்களில் அத்தகைய காட்சி தற்செயலாக வருமாயின், ஒரு வாரம் முன்னரே அறிவிக்கப்பட்டு, காரணம் கூறாமல் வெளியேறும் உரிமையும் எழுத்து வடிவிலான மாற்றுப் பணியும் கொடுக்கப்பட்டன. அந்த மாற்றுப் பணியை எடுத்தவர்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

பொருந்தாத ஒரு காட்சி

‘பிக் பாஸ்’ தமிழ் நிகழ்ச்சியின் 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் சக்தி தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளராக இருந்த லொஸ்லியாவும் தர்ஷனும் இலங்கையிலிருந்து பங்குபற்றியதால், தம் குழுவினருக்குச் சாதகமாக நடக்கும் போக்கான உட்குழுச் சார்பை விளக்க அதைப் பயன்படுத்தலாமே என்று மாணவர்களே கேட்டார்கள். நம்மவர் என்ற உணர்வு அதில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஹென்றி தஜ்பெல் 1971இல் காட்டிய உண்மை அதற்கு எதிர்த்திசையிலானது: பிரிஸ்டல் நகரப் பாடசாலைச் சிறுவர்களை, கிளீ, கண்டின்ஸ்கி ஆகிய இரு ஓவியர்களில் எவரது ஓவியம் பிடிக்கும் என்பது போன்ற அற்பமான அடிப்படையில் பிரித்ததாகச் சொன்னபோதுகூட, அவர்கள் முகந்தெரியாத தம் குழுவினருக்கே கூடுதலாகப் பங்கிட்டனர். ஊரும் மொழியும் வரலாறும் சேர்ந்த பிணைப்பைக் காட்டும் எந்தக் காட்சியும் இந்தப் பரிசோதனையின் உயிர்நாடியை மறைத்துவிடும். ஆகவே அது விலக்கப்பட்டது. கவர்ச்சியான காட்சி ஒன்றை விட்டுவிடுவது கடினம், விடத்தான் வேண்டும்.

காட்சியை உதாரணமாக அன்றிக் கருவியாகப் பயன்படுத்தல்

இதுவரை சொன்னவற்றில் காட்சித்துண்டு ஓர் எண்ணக்கருவுக்கு உதாரணமாக நின்றது. அடுத்த அணிக்கு அதைப் பரிசோதனைப் பொருளாகவே கொடுக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. எலிசபெத் லொப்டஸ், ஜோன் பாமர் ஆகியோர் 1974இல் வாகன விபத்துக் காட்சிகளைக் காட்டி, வாகனங்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். வினாவில் ‘நொறுங்க மோதியபோது’ என்ற பொருள்படும் சொல் இருந்தால் சராசரி மதிப்பீடு மணிக்கு 40.8 மைல், ‘தொட்டபோது’ என்ற பொருள்படும் சொல் இருந்தால் 31.8 மைல். இவ்வாறான இரண்டாவது பரிசோதனையில், ஒரு வாரத்தின் பின், இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னவர்கள் முதல்வகை வினாவைப் பெற்ற 50 பேரில் 16. ‘மோதியபோது’ என்று சாதாரணமாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 7.

இதற்குத் தேவையானது ஒரு சிறு காட்சியும், இரண்டு விதமாக அச்சிட்ட வினாத்தாளும், ஒரு வாரப் பொறுமையுமே. உண்மையான விபத்துக் காட்சி பயன்படுத்தப்பட மாட்டாது. நாடகமொன்றில் இரண்டு முச்சக்கரவண்டிகள் உரசும் காட்சி தெரிவாகியுள்ளது. மாணவர்கள் தாமே வினாத்தாளை வகுத்து, தமது வீட்டாரிடமும் அயலவரிடமும் தரவு திரட்டி, சராசரியைக் கணித்து, மூலப் பரிசோதனையிலிருந்து தமது விளைவு எங்கே வேறுபடுகிறது என்று எழுதுவர். தரவு திரட்டும் முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் பெறுவதும், முடிவில் உண்மை நோக்கத்தை விளக்கிச் சொல்வதும் புள்ளியிடலில் தனிப் பகுதியாக இருக்கும்.

காட்சித்துண்டுகளைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடமளிக்கிறது. எனினும் துண்டுகள் வகுப்பறைக்குள் மட்டுமே காட்டப்படுகின்றன, மாணவர்களின் தொலைபேசிகளுக்கு அனுப்பப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு காட்சியின் நிகழ்வுகளையும் ஊகம் கலக்காமல் விவரிக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கப்படுகிறது. வீட்டில் நாடகம் பார்க்கும் பழக்கமில்லாத மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்தக் குறிப்பை, இப்போது மீட்டலுக்காக எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். அடுத்த அணியில் அந்தக் குறிப்பை எழுதும் பொறுப்பு, முறைவைத்து மாணவர்களிடமே ஒப்படைக்கப்படும்.